சக்கைக்கு ஒன்று, அன்னாசிக்கு வேறொன்று: சீனி குறைத்த ஜாமுக்கு எந்த வழி?

சித்திரை, வைகாசி மாதங்களில் கன்னியாகுமரி மாவட்டத்தின் குழித்துறை, அருமனை, குலசேகரம் பக்கம் எந்த வீட்டு முற்றத்திலும் இரண்டு சக்கையாவது (பலாப்பழம்) உருண்டு கிடக்கும். இளம் ரப்பர் தோட்டங்களில் ஊடுபயிராகப் போட்ட அன்னாசியும் அதே நேரத்தில் சந்தையில் குவியும். சக்கையை வெல்லம் போட்டு வரட்டி, பரணியில் (ஜாடியில்) அடைத்து, ஓணத்துக்குப் பிரதமன் (பாயசம்) வைக்கும்வரை வைத்திருப்பது இந்தப் பக்கத்துப் பழைய ஏற்பாடு. கேரள எல்லைக்கு இந்தப் புறம் அந்தப் புறம் என்ற வேறுபாடு அதற்குக் கிடையாது. 1956 அக்டோபர் கடைசி நாள் வரை இரண்டும் ஒரே மாநிலம்தானே. இப்போது வீட்டில் ஒருவருக்காவது சுகர் இருக்கிறது. ‘இனிப்பைக் குறைத்துச் செய்ய முடியாதா? புளிக்க வைத்தால் சீனி போய்விடுமாமே?’ என்று கேட்பவர்கள் கூடிவிட்டார்கள்.

குறைக்க முடியும். எப்படி என்பதுதான் பழத்துக்குப் பழம் மாறும். அன்னாசிக்கு அருமையாக வருகிற முறையை அப்படியே சக்கையில் செய்தால் ஆபத்து. சக்கைக்குச் சரியாக வருவதை அன்னாசியில் செய்தால் கேஸும் நேரமும் தண்டம். புளிக்க வைப்பதோ, பலர் நினைக்கிற காரணத்துக்காகச் செய்ய வேண்டிய காரியமே இல்லை.

ஒரு சொல்லைத் தெளிவாக்கிவிட்டுப் போகலாம். இந்தப் பக்கம் சர்க்கரை என்றால் பலருக்கு வெல்லம். வெள்ளையாக இருப்பது சீனி. இங்கேயும் அப்படியே எழுதுகிறோம். ஆனால் வெல்லம், கருப்பட்டி, மார்த்தாண்டம் தேன் எதைப் போட்டாலும் உடம்புக்குள் போவது சர்க்கரைச் சத்துதான். சீனிக்குப் பதில் கருப்பட்டி போட்ட ஜாம் சுவையில் வேறு ஜாம். இனிப்பு குறைந்த ஜாம் அல்ல. தேன் சேர்த்த எதையும் ஒரு வயது ஆகாத குழந்தைக்குக் கொடுக்கவே கூடாது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

சீனி பார்த்த வேலைகள்

ஜாம் என்று பெயர் போட்டு விற்க வேண்டுமென்றால், கரைந்த திடப்பொருள் குறைந்தது 65 சதவீதம், பழம் குறைந்தது 45 சதவீதம் இருக்க வேண்டும் என்பது நம் நாட்டு உணவுப் பாதுகாப்பு விதி (ஸ்ட்ராபெரி, ராஸ்பெரிக்கு மட்டும் பழத்தின் அளவில் சலுகை உண்டு). அந்த 65-இல் ஏறக்குறைய எல்லாமே சீனி. இனிப்புக்காக மட்டும் அவ்வளவு போடவில்லை. பழத்திலுள்ள தண்ணீரைச் சீனி இழுத்துப் பிடித்துக்கொள்கிறது. பூஞ்சைக்கும் பாக்டீரியாவுக்கும் குடிக்கத் தண்ணீர் மிஞ்சாது. பழத்தைக் கெட்டியாக்கும் நார்ப்பொருளான பெக்டின் ஒன்றோடொன்று கைகோத்து இறுகுவதற்கும், சுற்றியுள்ள தண்ணீரைச் சீனி விலக்கிக் கொடுக்க வேண்டும். சாதாரணப் பெக்டின் இறுகக் கரைபொருள் 55 சதவீதத்துக்கு மேலும், பிஎச் (புளிப்பின் அளவு; எண் குறையக் குறையப் புளிப்பு கூடும்) 2.8 முதல் 3.5 வரையும் வேண்டும்.

ஆகவே சீனியைக் குறைக்கிறவர் இரண்டு பதிலாள் தேட வேண்டும்: கெட்டியாக்க ஒருவர், கெடாமல் காக்க ஒருவர். சீனியைப் பாதியாக்கிவிட்டு மீதியெல்லாம் பழைய செய்முறைப்படியே செய்கிறவர்கள் இரண்டு இடத்திலும் அடி வாங்குகிறார்கள். இறுகவில்லையே என்று கொதிக்கவிட்டுக்கொண்டே இருப்பார்கள், பழ நிறம் கருகி மணம் போய்விடும். பிறகு வழக்கம்போல் அலமாரியில் வைப்பார்கள், நாலாம் நாள் மேலே பச்சைப் பஞ்சு பூத்திருக்கும்.

ஸ்டீவியா, சுக்ரலோஸ் போட்டால் இனிப்பு கிடைக்கும். இந்த இரண்டு வேலையையும் அவை தொட்டுக்கூடப் பார்க்காது. போடுவதானால் அடுப்பை அணைத்த பிறகு போடுங்கள்.

ஒரு கரண்டியில் எவ்வளவு?

எதைத் தேர்ந்தெடுப்பது என்பதற்கு முன் கணக்கு. ஒரு மேசைக்கரண்டி ஜாம் ஏறத்தாழ 20 கிராம். கடை ஜாமில் அதில் 13 கிராம் சர்க்கரைச் சத்து. ஒரு கிலோ அன்னாசிக் கூழுக்கு 200 கிராம் மட்டும் சீனி போட்டு, கால்சியத்தில் இறுகும் பெக்டினால் கெட்டியாக்கினால் 6 கிராம். பழத்தில் இயல்பாக இருக்கிற 10 சதவீதத்தையும் சேர்த்த கணக்கு இது.

அடுத்தது பலரை ஏமாற்றுவது. பழுத்த சக்கையில் 100 கிராமுக்குச் சுமார் 19 கிராம் சர்க்கரைச் சத்து. ஒரு துளி சீனி சேர்க்காமல் ஒரு கிலோவை அரைக் கிலோவாக வற்றவைத்தால் அது 38 ஆகிவிடும். கரண்டிக்கு ஏழரை கிராம். ‘சீனியே போடலை’ என்று சொல்லிக் கொடுக்கிற சக்கை விழுது, சீனி போட்ட அன்னாசி ஜாமைவிட இனிப்பு. சுகர் உள்ளவருக்கு இரண்டு கரண்டியாகப் போட்டுக் கொடுப்பதற்கு முன் இது நினைவில் இருக்கட்டும்.

வேகவைக்காத மாம்பழக் கூழில் சியா விதை போட்டால் கரண்டிக்கு 2.7 கிராம். புளித்த மாம்பழ விழுதிலோ, கூழில் பாதியை வற்றவைப்பதால், சுமார் 3 கிராம்! நொதித்தல் எல்லாச் சர்க்கரைச் சத்தையும் தின்றுவிடும் என்ற நம்பிக்கைக்குக் கணக்கு இடம் தருவதில்லை. ஒரு கிராம் லாக்டிக் அமிலம் உண்டாக ஏறக்குறைய ஒரு கிராம் சர்க்கரைச் சத்து போதும். நூறு கிராம் விழுதில் ஒரு கிராம் அமிலம் சேர்ந்தாலே நாக்கு நன்றாகப் புளிக்கும். சுமார் 16 கிராமில் ஒன்று போனது; 15 அப்படியே இருக்கிறது. அதற்குமேல் சர்க்கரைச் சத்து தீர வேண்டுமானால் ஈஸ்ட் வந்து சாராயமாக்க வேண்டும். புளிப்பதால் கிடைப்பது வேறொரு சுவை, உயிருள்ள நுண்ணுயிர். இனிப்பு குறைவாகத் தோன்றுவது அமிலம் அதை மறைப்பதால்.

அன்னாசிக்கு: கால்சியத்தில் இறுகும் பெக்டின்

பெக்டினில் இரண்டு இனம். சீனியும் புளிப்பும் கூடினால் இறுகுவது ஒன்று. கால்சியம் கிடைத்தால் சீனி இல்லாமலே இறுகுவது இன்னொன்று. இரண்டாவதை எல்எம் பெக்டின் என்று கேட்டு வாங்க வேண்டும். வெறும் ‘பெக்டின்’ என்று போட்ட பொட்டலம் பெரும்பாலும் முதல் இனம். எலுமிச்சை, நாரத்தைத் தோலின் வெள்ளைப் பகுதியை வேகவைத்து வீட்டில் எடுக்கிற பெக்டினும் முதல் இனம்தான்; சீனி குறைந்த ஜாமில் எவ்வளவு ஊற்றினாலும் சாறாகவே நிற்கும். ‘இயற்கைப் பெக்டின்’ செய்து தோற்றவர்கள் தோற்ற காரணம் இதுதான், கைப்பக்குவம் இல்லை.

ஒரு கிலோ அன்னாசிச் சதைக்கு 200 கிராம் சீனி, 10 கிராம் எல்எம் பெக்டின், 2 கிராம் கால்சியம் லாக்டேட், 30 மில்லி எலுமிச்சைச் சாறு. கிராம் காட்டும் சிறு தராசு இல்லாமல் இந்த வழிக்கு வராதீர்கள். கரண்டிக் கணக்கு இங்கே எடுபடாது. கால்சியத்தை 50 மில்லி வெந்நீரில் கரைத்துத் தனியே வையுங்கள். சீனியில் பாதியை எடுத்துப் பெக்டின் பொடியோடு உலர்வாகவே நன்றாகக் கலந்துகொள்ளுங்கள். பொடியை நேராகக் கூழில் கொட்டினால் மேலே தோல் கட்டிக் கட்டியாகிவிடும். உள்ளே பொடி உலர்ந்தபடி இருக்கும், பிறகு எந்த மத்தாலும் உடையாது. சீனித் துகள்கள் இடையில் நின்று பெக்டினைப் பிரித்து வைக்கும்.

அன்னாசியைச் சன்னமாக அரிந்து, பாதியை மிக்சியில் இரண்டு சுற்று ஓட்டி, எல்லாவற்றையும் எஃகுப் பாத்திரத்தில் பத்து நிமிடம் கொதிக்கவிடுங்கள். நார் மெதுவாகும், நாக்கை அரிக்கிற நொதியும் செத்துவிடும். ஓட்டு (வெண்கல) உருளியும் ஈயம் பூசாத பித்தளையும் வேண்டாம், அலுமினியமும் வேண்டாம். அன்னாசியின் பிஎச் 3.2 முதல் 4 வரை, உலோகத்தை அரிக்கும். கொதி நிலையிலேயே பெக்டின் கலந்த சீனியைத் தூவியபடி கிண்டுங்கள். இரண்டு நிமிடம். மீதிச் சீனி, எலுமிச்சைச் சாறு. மறுபடி கொதி வந்ததும் கால்சியத் தண்ணீரைச் சூடாகவே மெல்லிய தாரையாக ஊற்றிக் கிண்டி, அடுப்பை அணைத்துவிடுங்கள்.

இந்த இடத்தில்தான் கை நடுங்கும். சட்டியில் பார்த்தால் ரசம் மாதிரி இருக்கும். இன்னும் கொதிக்கட்டும் என்று விட்டால் பெக்டின் உடைந்துபோகும். ஒரு கரண்டி எடுத்துக் குளிர்ந்த தட்டில் ஊற்றி ஐந்து நிமிடம் ஃபிரிட்ஜில் வைத்துப் பாருங்கள். விரலால் தள்ளினால் மேலே சுருக்கம் விழுந்தால் போதும். சாதாரண ஜாமின் 105 டிகிரிக் கணக்கை இங்கே மறந்துவிடுங்கள். அது சீனியின் அடர்த்தியை அளக்கும் கணக்கு. (அந்தக் கணக்கும் கடல்மட்டத்துக்கு உரியது. மலையேறினால் 300 மீட்டருக்கு ஒரு டிகிரி குறைத்துக்கொள்ள வேண்டும்.)

ஆறியும் இறுகவில்லையென்றால் அரை கிராம் கால்சியத்தைக் கரைத்து, ஜாமை மறுபடி கொதிக்கவைத்துச் சேர்க்கலாம். இந்த வகை ஜாம் சூட்டில் இளகி மறுபடி இறுகும். திருத்த வாய்ப்பு உண்டு. மாறாக, மணல்மணலாகத் திரிந்து ஓரத்தில் தண்ணீர் விட்டால் கால்சியம் கூடிவிட்டது. அதற்கு மருந்தில்லை, கேசரியிலோ பாயசத்திலோ போய்ச் சேரட்டும். கால்சியம்தானே என்று வெற்றிலைச் சுண்ணாம்பைக் கரைத்துத் தெளிவு ஊற்றுவதாகச் சிலர் சொல்வார்கள். சுண்ணாம்பு புளிப்பை முறிக்கும், பிஎச் ஏறும். அதாவது கெட்டியாக்கப் போய்க் காவலைக் கழற்றிவிடுகிறோம். வேண்டாம்.

சைனா கிராஸ் இதற்கு ஏழை உறவினர். ஒரு கிலோவுக்கு 4 கிராம் போதும், கடைத்தெருவில் எளிதாகக் கிடைக்கும். ஆனால் வெட்டினால் துண்டாக வரும், பூசினால் பரவாது. இரண்டு நாளில் தண்ணீர் கசியும்.

கொதிநீரில் பத்து நிமிடம் கிடந்த கண்ணாடிக் குப்பிகளில், சூடாக, வாயிலிருந்து ஒரு விரல்கடை விட்டு நிரப்பி, புது மூடி போட்டு, குப்பி மூழ்கும் கொதிநீரில் மறுபடி பத்து நிமிடம் வையுங்கள். திறக்காத வரை இருட்டான அலமாரியில் சில மாதம் நிற்கும். திறந்தபின் ஃபிரிட்ஜில் மூன்று வாரம். வெளியே வைத்தால் மூன்று நாளைக்கு மேல் நம்ப வேண்டாம். ஆடி மழைக் காற்றில் அதுவும் இல்லை.

சக்கைக்கு: வற்றவைத்து உறையவைப்பது

சக்கையில் கெட்டிச் சுளையுள்ள வருக்கையைத் தின்னுங்கள், கூழனை விழுதுக்கு விடுங்கள். கூழனின் நெகிழ்ந்த சுளை எளிதில் மசியும், மணமும் கூடுதல். ஒரு கிலோ சுளையைக் கொட்டை நீக்கி, 100 மில்லி தண்ணீரோடு குக்கரில் இரண்டு விசில். ஆறியதும் கடைந்து, கண் பெரிய சல்லடையில் தேய்த்து நாரை ஒதுக்குங்கள். அடி கனத்த பாத்திரத்தின் எடையை முதலில் குறித்துக்கொண்டு, கூழை ஊற்றிச் சிறு தீயில் கிண்டத் தொடங்கினால் நாற்பது, ஐம்பது நிமிடத்தில் கூழ் மட்டும் அரைக் கிலோ என்று தராசு சொல்லும். துடுப்பை இழுத்தால் பாதை விழுந்து மெல்ல மூட வேண்டும். வரட்டிக்குப் பார்க்கிற பதத்தை இதில் தேடாதீர்கள். வெல்லம் இல்லாத கூழ் அந்தப் பதத்துக்கு வராது, அதற்கு முன்பே அடிப்பிடிக்கும். கொதிக்கும்போது எரிமலைபோல் தெறிக்கும். நீண்ட பிடியுள்ள துடுப்பு, முழங்கை வரை துணி. கடைசியில் இரண்டு சிறு கரண்டி நெய், அரைச் சிறுகரண்டி சுக்குப்பொடி, ஏலம்.

சுவையில் இதற்கு நிகராக இங்கே சொல்லும் மற்ற மூன்று முறைகளில் எதுவும் இல்லை என்பது எங்கள் கட்சி. ஆனால் இதைப் பரணியில் அடைத்து அலமாரியில் வைக்கவே கூடாது. காரணம் சொல்ல வேண்டும். பழுத்த சக்கையில் புளிப்பு என்பதே இல்லை என்று சொல்லலாம். பிஎச் 5-ஐ ஒட்டியும் அதற்கு மேலும் நிற்கும். காற்றில்லாத இடத்தில் வளர்ந்து கொடிய நஞ்சை உண்டாக்கும் போட்டுலினம் என்ற பாக்டீரியாவுக்கு எல்லைக்கோடு பிஎச் 4.6. அதற்குக் கீழே அது வளராது. மேலே, ஈரமும் இருந்தால் வளரும். அதன் வித்துகள் கொதிநீரில் சாகாது. பாட்டியின் வரட்டி ஏன் கெடவில்லை என்றால், வெல்லம் தண்ணீரைக் கட்டிப்போட்டிருந்தது. வெல்லத்தை எடுத்துவிட்டு, பிஎச்சையும் விட்டுவிட்டு, மூடியை மட்டும் இறுக்கமாக அடைத்தால் அந்தப் பாக்டீரியாவுக்கு வீடு கட்டிக் கொடுத்தது மாதிரி. கெட்டுப்போன வாடையோ நிறமோ இல்லாமலும் நஞ்சு இருக்கலாம் என்பதுதான் இதில் மோசம்.

ஆகவே 100 கிராம் வீதம் சிறு டப்பாக்களில் ஃபிரீசரில் போடுங்கள். மூன்று, நான்கு மாதம் சுவை மாறாது. வெளியே எடுத்ததை ஃபிரிட்ஜில் ஒரு வாரத்துக்குள் தீர்க்க வேண்டும். சக்கை மூன்று பங்குக்கு அன்னாசி ஒரு பங்கு சேர்த்து வற்றவைத்தால் இனிப்பில் ஒரு துள்ளல் வரும். சிட்ரிக் அமிலமோ எலுமிச்சையோ போட்டால் சக்கையில் ஒட்டாமல் தனியே நிற்கும். அன்னாசிப் புளிப்பு கலந்துவிடுகிறது. ஆனால் அந்தக் கலவையும் ஃபிரீசருக்குத்தான். உருளியில் கிண்டுகிறவர்கள் அன்னாசி சேர்ப்பதாக இருந்தால் பாத்திரத்தை மாற்றிக்கொள்ளுங்கள்.

மாம்பழத்துக்கு: புளிக்க வைப்பது

புளிக்க வைக்க அன்னாசியைத்தான் எல்லாரும் முதலில் எடுக்கிறார்கள். தவறான பழம். அதன் புளிப்பில் லாக்டிக் பாக்டீரியா மந்தமாகத்தான் வளரும். ஈஸ்டுக்கோ அந்தப் புளிப்பு ஒரு பொருட்டே இல்லை. இரண்டாம் நாளே கள் வாடை வரும். பழுத்த மாம்பழத்தின் பிஎச் பெரும்பாலும் 4-ஐ ஒட்டி இருக்கும். பாக்டீரியாவுக்கு அது வசதி. செங்கவருக்கை மாம்பழம் கிடைத்தால் அதன் மணம் புளித்த பிறகும் நிற்கும். நார் மாம்பழமும் ஆகும், வடிகட்டிக்கொண்டால்.

ஒரு கிலோ கூழை இரண்டாகப் பிரியுங்கள். ஒரு பாதியை அடுப்பில் 300 கிராமாக வற்றவைத்து, கை பொறுக்கும் சூட்டுக்கும் கீழே ஆறவிட்டு, மற்றப் பாதியைப் பச்சையாகக் கலந்துகொள்ளுங்கள். முழுவதையும் சமைத்தால் பழத்தோடு வந்த நல்ல பாக்டீரியா போய்விடும். முழுவதும் பச்சையென்றால் பூசுகிற பதம் வராது. இப்போதிருக்கும் 800 கிராமுக்கு 2 சதவீதம், அதாவது 16 கிராம் உப்பு. எடைபோட்டே போடுங்கள், கல்லுப்பும் பொடியுப்பும் கரண்டியில் ஒன்றல்ல. வீட்டுத் தயிரைத் துணியில் கட்டித் தொங்கவிட்டு வடிந்த தெளிவு இரண்டு மேசைக்கரண்டி. பொடியாக அரிந்த இஞ்சி, ஐந்தாறு காந்தாரி மிளகாய். கலந்ததும் பிஎச் காகிதத்தில் பாருங்கள், 4.6-க்கு மேல் காட்டினால் எலுமிச்சை பிழிந்து கீழே கொண்டுவந்துவிட்டுத் தொடங்குங்கள். சீனி சேர்க்காதீர்கள். சேர்த்தால் ஈஸ்டுக்கு விருந்து. சில பாக்டீரியா சீனியை நூல் இழுக்கிற பசையாகவும் மாற்றும்.

கிராம்பு போடுகிறவர்கள் உண்டு. மாறாமலை, வெள்ளிமலைக் கிராம்பின் ஊரில் போடாமல் இருப்பது கடினம்தான். ஆனால் கிராம்பெண்ணெய் நுண்ணுயிரை அடக்கும். புளித்து முடிந்து ஃபிரிட்ஜுக்குப் போகும்போது சேர்த்துக்கொள்ளலாம்.

குப்பியில் முக்கால் அளவுதான் நிரப்ப வேண்டும். மூடியை இறுக்கக் கூடாது. நம் ஊர்ச் சூட்டில், 28 முதல் 32 டிகிரி என்று வைத்துக்கொண்டால், 24 முதல் 48 மணி நேரம். பன்னிரண்டு மணி நேரத்தில் கண்ணாடி ஓரத்தில் பொடிப்பொடியாகக் காற்றுக்குமிழி தெரியும். அடுத்து கூழ் இரண்டாகப் பிரியும்: மேலே பஞ்சுபோல் பொங்கிய சதை, கீழே தெளிந்த மஞ்சள் நீர். பயப்பட ஒன்றுமில்லை, வாயு சதையைத் தூக்கியிருக்கிறது. காலையும் மாலையும் சுத்தமான கரண்டியால் அடிவரை கிளறி அமுக்குங்கள். மேற்பரப்பு காயாமல் இருந்தால் பூஞ்சை பிடிக்காது. மோர்ப் புளிப்பு நாக்கில் தெரிந்ததும் ஃபிரிட்ஜில் வையுங்கள். அங்கேயும் மெதுவாகப் புளித்துக்கொண்டுதான் இருக்கும். வாரத்துக்கு இருமுறை மூடியைத் திறந்து வாயுவை விடுங்கள். மூடியை இறுக்கி மறந்துபோன குப்பி வெடிப்பது கதையல்ல. இரண்டு வாரத்துக்குள் தீர்த்துவிடுவது நல்லது.

வெள்ளையாகச் சுருக்கம் விழுந்த மெல்லிய ஆடை படிந்தால் அது காட்டு ஈஸ்ட். வழித்தெடுத்துவிட்டு உடனே ஃபிரிட்ஜில் வைக்கலாம், சுவை சற்று மட்டமாகும். பச்சை, கறுப்பு, இளஞ்சிவப்பு நிறத்தில் ரோமம் முளைத்தால் குப்பியோடு கொட்ட வேண்டும். மேலே மட்டும் எடுத்துவிட்டுத் தின்கிற பழக்கம் வேண்டாம். நகப்பூச்சு அழிக்கும் திரவத்தின் வாடை வந்தாலும் கொட்டுங்கள்.

இதை ரொட்டியில் தடவும் ஜாமுக்கு மாற்று என்று நினைத்தால் ஏமாற்றம்தான். உப்பும் புளிப்பும் காரமும் இனிப்பும் கலந்தது. ஆப்பம், தோசை, அவித்த மரச்சீனிக் (மரவள்ளி) கிழங்குக்கு நல்ல கூட்டு. கரண்டிக்கு 0.4 கிராம் உப்பு போகிறது; ரத்த அழுத்தம் உள்ளவர்கள் கணக்கில் எடுத்துக்கொள்ளட்டும். அழுத்தத்துக்காக உப்பைக் குறைத்து ஒரு சதவீதத்தில் புளிக்க வைக்கலாமா என்று கேட்டால், இந்தச் சூட்டில் கூடாது. தொடக்கத்தில் கெட்டவற்றைத் தடுத்து நிறுத்துவது அந்த உப்புதான்.

சியா விதை

அவசரத்துக்கு. ஒரு கிலோ கூழுக்கு 40 கிராம், நன்றாகக் கலந்து பத்து நிமிடம் கழித்து மறுபடி ஒருமுறை கிளறி, இரண்டு மணி நேரம் ஃபிரிட்ஜில். ஐந்து நாளில் தீர்க்க வேண்டும். சப்ஜா விதை இதற்குச் சரிப்படாது. தன்னைச் சுற்றித்தான் வழுவழுப்புக் கட்டிக்கொள்ளும், கூழைப் பிடித்து நிறுத்தாது.

மற்றப் பழங்கள்

2023-இல் புவிசார் குறியீடு பெற்ற நம் மட்டிப்பழத்தைப் பற்றித்தான் நிறையப் பேர் கேட்கிறார்கள். குழந்தைக்கு முதல் பழமாகக் கொடுக்கிற அருமையான பழம். ஜாமுக்கு அவ்வளவு தோதில்லை. வாழைப்பழத்தின் பிஎச் 4.5 முதல் 5.2 வரை, ஆகவே சக்கைக்குச் சொன்ன எச்சரிக்கை முழுதும் இதற்கும் பொருந்தும். அரைத்ததும் கறுக்கும், தோலோடு ஆவியில் பத்து நிமிடம் வேகவைத்து, பிறகு உரித்து, எலுமிச்சை சேர்த்து மசித்தால் நிறம் நிற்கும். வற்றவைக்கத் தேவையில்லை, அதுவே கெட்டி. ஃபிரிட்ஜில் ஐந்து நாள். புளிக்க வைக்காதீர்கள், ஒரே இரவில் சாராயக் கடை.

பப்பாளிக்குப் புளிப்பு மிகக் குறைவு. தனியாக வேண்டாம், அன்னாசியோடு பாதிப் பாதி சேர்த்து ஃபிரிட்ஜில் வையுங்கள். கொய்யா எல்லாவற்றிலும் எளிது: சொந்தப் பெக்டினும் சதையுமே கெட்டியாக்கிவிடும், எலுமிச்சை மட்டும் போதும். குமுளி மலையடிவாரத்துக் கம்பம் பன்னீர் திராட்சைக்கு அன்னாசி முறையே சரி. பழம் இனிப்பாக இருப்பதால் சீனி 150 கிராமுக்கு மேல் வேண்டாம், தோலோடு வேகவைத்து வடிகட்டுங்கள், நிறம் தோலில்தான் இருக்கிறது.

ஃபிரிட்ஜ் கேள்வி

முடிவைப் பெரும்பாலும் தீர்மானிப்பது பழமும் நாவும் அல்ல, மின்சாரம். இந்த நான்கில் அன்னாசி முறை ஒன்றுதான் திறக்காத வரை மின்சாரம் இல்லாமல் நிற்கும். 2017 ஓகி புயலில் நாள்கணக்கில் இருட்டில் கிடந்த மாவட்டம் இது. நிரம்பிய ஃபிரீசர், கதவைத் திறக்காமல் இருந்தால், இரண்டு நாள் குளிர் காக்கும். பாதி நிரம்பியது ஒரு நாள். அதற்குள் மின்சாரம் வராவிட்டால் சக்கை விழுதை அன்றே எடுத்து, வெல்லம் போட்டு வரட்டியாக்கிவிடுங்கள். ஃபிரிட்ஜே இல்லாத வீடு, வாடகை வீட்டில் அடிக்கடி மின்தடை, இப்படியென்றால் சீனி குறைத்த சக்கை விழுதை முயலவே வேண்டாம். முறைப்படி வெல்லம் போட்ட வரட்டியைச் செய்து, கரண்டியைச் சிறிதாக்கிக்கொள்வது இதைவிடப் புத்திசாலித்தனம்.

இவ்வளவு சொன்ன பிறகும் அன்னாசியைப் புளிக்க வைத்துப் பார்ப்பவர்கள் இருப்பார்கள். 24 மணி நேரத்தில் நிறுத்திவிடுங்கள். மறந்துபோய்க் கள் வாடை வந்துவிட்டால், பூஞ்சை இல்லாத பட்சத்தில், எறிய வேண்டியதில்லை. மிளகாய்த்தூள், மஞ்சள், பூண்டோடு அரைத்துச் சாளை மீனில் தடவி அரை மணி நேரம் ஊறவிட்டுப் பொரியுங்கள். சாராயம் பெரும்பாலும் சூட்டில் போய்விடும். பழத்தின் இனிப்பால் சீக்கிரம் கருகும். தீயை மட்டும் குறைத்து வையுங்கள்.